கூழ் உண்பதா, குடிப்பதா?

எம் துறையில் நடந்த மொழிபெயர்ப்புப் பயிற்சி ஒன்றில் கரிசல் வாழ்வைச் சித்திரிக்கும் உரைப்பகுதியொன்றை ஆங்கிலமாக்குமாறு மாணவர்களைப் பணித்திருந்தோம். காலையில் கூழ் குடித்துவிட்டுக் காட்டுக்குப் புறப்படும் ஓர் உழவனைப் பற்றிய பகுதி அது. ஒரு மாணவர் கூழைச் ‘சூப்’ என்று எழுதினார். மற்றொருவர், அது குழைந்து கெட்டியாக இருப்பதால் ‘ஸ்டியூ’ என்பதே பொருந்தும் என்றார். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து வந்த மாணவரோ அச்சொல்லைத் தொடவே இல்லை. ‘கூழ்’ என்றே விட்டுவிட்டார். மூவரும் வாதிட்டதைக் கேட்டிருந்த பெரியவர் ஒருவர், “வயிறு நிறைந்தால் போதாதா, பெயரில் என்ன இருக்கிறது?” என்று நகைத்தார். பெயரில் இருக்கிறது என்பதே எம் கருத்து.

கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் தன்னுள் வைத்திருக்கும் மண். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி மானாவாரியாகக் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த பூமி. அங்கே நெல்லுச்சோறு என்பது நல்ல நாள், பெரிய நாளுக்கு உரியதாக இருந்தது. மற்ற நாள்களில் கம்பைத் தண்ணீர் தெளித்து உரலிலிட்டுக் குத்தி, உமி போகப் புடைத்து, மீண்டும் இடித்து, கொதிக்கும் உலையில் இட்டுக் கிண்டுவார்கள். இரவில் அது சுடச்சுடக் கம்மஞ்சோறு. கீரைக் கடைசலோ புளிக்குழம்போ ஊற்றிப் பிசைந்து உண்பார்கள். மிஞ்சியதை உருண்டைகளாக்கி மண்பானைத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். விடிந்ததும் அவ்வுருண்டையை எடுத்து, உப்பும் மோரும் சேர்த்துக் கையால் கரைத்தால் அது கம்மங்கூழ். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமோ மோர்மிளகாயோ இருந்தால் போதும்.

ஆகவே ஒரே பானை, ஒரே தானியம். இரவில் சோறு, காலையில் கூழ். முன்னதை உண்கிறோம், பின்னதைக் குடிக்கிறோம். இடையில் நேர்ந்தவை ஓர் இரவும் சிறிது தண்ணீரும்தான். இந்த நுட்பத்தை வழக்குமொழி எவ்வளவு கூர்மையாகக் காக்கிறது பாருங்கள்! சோறு ‘போடுகிறோம்’; கூழும் கஞ்சியும் ‘ஊற்றுகிறோம்’. ஆடி மாதத்தில் அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுகிறார்கள். ரமலானில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறார்கள். மகன் முதுமையில் பெற்றோரைக் காப்பதைக்கூடக் கஞ்சி ஊற்றுவது என்றே சொல்கிறோம்.

நோன்புக் கஞ்சியைச் சற்று ஆராய்ந்தால் சிக்கல் மேலும் கூடுகிறது. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், புதினா, வசதியுள்ள ஊர்களில் கொத்துக்கறி! கரண்டியை நட்டால் நிற்குமளவுக்குக் குழைந்த அதை நீர்த்த உணவென்று யார் சொல்வார்? ஆயினும் அது கஞ்சிதான். அதைக் குடித்தோம் என்றுதான் சொல்கிறோம். அஸருக்குப் பின் தூக்குவாளியோடு வந்து நிற்கும் சிறுவர்களுள் எல்லாச் சமயத்தாரும் உண்டு. அவர்களுள் ஒருவரும் அதன் வகைப்பாட்டைக் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்து ஒடியற்கூழும் இத்தகையதே. மீன், நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை அனைத்தும் கொதிக்க, பனங்கிழங்கு மாவாகிய ஒடியல் மா அவற்றைக் கூட்டிக் குழைக்கும். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிப்பார்கள். மென்று தின்ன வேண்டியவை அத்தனை இருந்தும் அது கூழே.

மேலைநாட்டார் நம் சொற்களைக் கொண்டுபோய் என்ன செய்தார்கள் என்பதும் காணத்தக்கது. கோவாவில் 1563ஆம் ஆண்டில் அச்சான தம் மருத்துவ நூலில், நோயாளிக்குக் கொடுக்கும் அரிசிநீரைக் கஞ்சி என்ற பெயராலேயே குறித்தார் கார்சியா த ஓர்தா. அச்சொல் போர்ச்சுகலுக்குப் போய் ‘கான்ஜா’ ஆகி, இன்று கோழி சூப்பைக் குறிக்கிறது. நம் மிளகுதண்ணீர் ஆங்கிலேயர் மேசையில் ‘மல்லிகட்டானி’ என்னும் சூப்பாகி, உணவுக்கு முன் பரிமாறப்பட்டது. இங்கேதான் எம் மறுப்பு. அவர்கள் விருந்துமுறையில் சூப் என்பது பெரும்பாலும் உணவுக்கு முன்னால் வருவது. ஸ்டியூ என்பது ரொட்டிக்கோ சோற்றுக்கோ துணையாவது. கூழ் எதற்கும் முன்னால் வருவதன்று, எதற்கும் துணையுமன்று. அதுவே உணவு. உச்சிப்பொழுதுவரை களையெடுக்கும் ஒரு பெண்ணின் உடலுழைப்பு முழுவதும் அந்த ஒரு சட்டிக்குள் இருந்தது. அதைச் சூப் என்பது அவள் பசியாறவே இல்லை என்பதற்கு ஒப்பாகும்.

பழந்தமிழ் இதனை அறிந்திருந்தது. அரசுக்குரிய ஆறு உறுப்புகளுள் ஒன்றாகத் திருக்குறள் வைப்பது கூழைத்தான். அங்கே அச்சொல் உணவையும் பொருள்வளத்தையும் குறிக்கிறது. பிற்காலத்தில்தான் அது ஏழையின் கலயத்துக்குள் சுருங்கிற்று.

இனி, நீர்ப்பதம் என்பது சுவையைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று 1877இல் ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். அது உயிர்காக்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். கலயத்தில் தானியம் எத்தனை, தண்ணீர் எத்தனை என்பதே அன்று உயிரின் கணக்காயிருந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்ட பெரியவருக்கு இதையே விடையாகச் சொன்னோம்.

கரிசல் மக்களின் சொற்களைத் தொகுத்து 1982இல் வழக்குச் சொல்லகராதி தந்த இடைசெவல் கி. ராஜநாராயணன் 2021இல் மறைந்தார். அவர் நடந்த காடுகளில் இன்று மக்காச்சோளம் மிகுதி, கம்பு அருகிவிட்டது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும், நகரத்துத் தள்ளுவண்டிகளில் கோடைதோறும் கம்மங்கூழ் விற்பதும் மகிழ்ச்சியே. ஆனால் அங்கே கண்ணாடித் தம்ளரில் கிடைப்பது தாகத்துக்கான பானம். தண்ணீரின் பங்கு தாராளம். கூழ் குடித்து வளர்ந்ததை வகுப்பில் சொல்லக் கூசும் மாணவர்களும் நம்மிடையே உள்ளனர். அக்கூச்சம் பானையிலிருந்து வந்ததன்று. பெயரை மாற்றி மாற்றிச் சொல்லக் கற்பித்த நம்மிடமிருந்து வந்தது.

கோவில்பட்டி மாணவருக்கே முழு மதிப்பெண் வழங்கினோம். கூழ் என்று எழுதி, அது எவ்வாறு ஆகிறது என்று அடியில் இரண்டு வரி சேர்க்குமாறு மட்டும் சொன்னோம். இரண்டு வரி கேட்டதற்கு அவர் ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தார், தம் பாட்டியிடம் கேட்டு. ‘ஸ்டியூ’ மாணவர் இன்னும் ஒப்பவில்லை.