அதிர்ஷ்டமா? அபகரிப்பா?

அமெரிக்காவில் தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடியவர்களுடைய சரித்திரத்தை எழுதுகிறவர்கள், எலிசபெத் காட்டன் என்னும் கறுப்பின அம்மையாரைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கதையைத் தவறாமல் சொல்லுகிறார்கள். அதாவது, வாஷிங்டன் நகரத்துப் பெரிய கடையொன்றில் வேலைக்கிருந்த அந்த அம்மாள், வழிதவறிய ஒரு வெள்ளைக்காரக் குழந்தையைத் தாயிடம் சேர்த்தாராம். அது சீகர் என்னும் பேர்பெற்ற சங்கீதக் குடும்பமாம். அவ்வீட்டில் வேலைக்காரியாய் அமர்ந்தாராம், புகழ் வந்துவிட்டதாம். எல்லாம் அதிர்ஷ்டமாம்!

இந்த அதிர்ஷ்டத்தின் யோக்கியதையைச் சற்று பார்ப்போம்.

காட்டன் 1893-ல் வடக்கு கரோலினாவில் சாப்பல் ஹில் ஊர்ப்பக்கம் பிறந்தவர். சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுப் பிறர் வீட்டு வேலைக்குப் போய், அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து 3 டாலர் 75 சென்டுக்கு ஒரு கித்தார் வாங்கினார். இடக்கைக்காரர், சொல்லிக்கொடுக்க வாத்தியாரும் கிடையாது. ஆகவே கித்தாரைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் கீழ்ச்சுருதியையும் மீட்டும் ஒரு முறையைத் தாமாகவே உண்டாக்கிக்கொண்டார். இன்று அந்த முறைக்கு அவர் பெயரே வழங்குகிறது. "பிரெய்ட் டிரெயின்", அதாவது சரக்கு ரயில், என்ற பாட்டைக் கட்டியதும் அச்சிறுவயதிலேதான்.

பிறகு நடந்ததென்ன? கலியாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது, மாதாகோயிலில் சேர்ந்தார். அங்குள்ள பெரியவர்கள், இது உலகப் பாட்டு, கர்த்தருக்கு ஆகாது, விட்டுவிடு என்றார்கள். விட்டுவிட்டார். ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல, பல பத்து வருஷங்கள்! அந்தக் கை பிறத்தியார் வீட்டுத் தரையைத் தேய்த்தபோது பாவமாகத் தோன்றவில்லை. கம்பியைத் தொட்டபோது மட்டும் பாவமாகிவிட்டது. இது எந்த வேதத்து நியாயமென்று கேட்கிறோம்.

நிற்க. சங்கீதமே தொழிலான சீகர் வீட்டிலாவது உடனே தெரிந்ததா? அதுவும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த கித்தாரை அம்மையார் எடுத்து மீட்டிக்கொண்டிருந்ததை, அவர் மீட்டுக்கொடுத்த அதே பெண் பெக்கி கண்ட பிறகே, சமையலறையில் இருந்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

பெக்கி அந்தப் பாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கு இரண்டு பேர்வழிகள் அது தங்கள் சொத்தென்று பதிவு செய்துகொண்டார்கள்! 1957-ல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடிய தட்டு அந்நாடெங்கும் விற்றது. பாட்டைக் கட்டியவரோ வாஷிங்டனில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். சீகர் குடும்பத்தார் பாடுபட்ட பிறகே அவர் பெயர் அதில் ஏறிற்று. திருடியவர்களைக் கெட்டிக்காரர்கள் என்றும், பறிகொடுத்தவரை அதிர்ஷ்டசாலி என்றும் சொல்லுவது எவ்வளவு அழகான பாஷை!

மைக் சீகர் பதிவு செய்த அவரது முதல் இசைத்தட்டு 1958-ல் வெளிவந்தபோது அம்மையாருக்கு வயது 65. பாடிச் சம்பாதித்த பணத்தில் கடைசியில் சிரக்யூஸ் நகரத்தில் ஒரு வீடு வாங்கினார். கிராமி பரிசு 1985-ல் வந்தது. அப்போது வயது 92. 1987-ல் இறந்தார். ராக் அண்டு ரோல் கீர்த்தி மண்டபத்தார் அவரைச் சேர்த்துக்கொண்டது 2022-ல், அதாவது அவர் இறந்து 35 வருஷம் கழித்து.