தியாகம் அல்ல, தீனிக் கணக்கு

குளிர்காலத்தில் குளவிக்கூட்டுக்கு என்ன நேர்கிறது என்று சொல்ல வருகிறவர்கள் கடைசியில் 'தியாகம்' என்ற சொல்லில் வந்து நிற்கிறார்கள். அந்தச் சொல்லோடு எனக்கு வழக்கு உண்டு.

ஐரோப்பாவின் சாதாரணக் குளவியை எடுத்துக்கொள்வோம். வசந்தத்தில் ஒற்றை அரசி மரத்தைச் சுரண்டி மென்று, காகிதம் போன்ற கூட்டைத் தொடங்குகிறாள். முதல் மகள்கள் வளர்ந்ததும் வேலையெல்லாம் அவர்கள் தலையில். கூட்டை விரிப்பது, பூச்சி பிடிப்பது, புழுக்களுக்கு ஊட்டுவது எல்லாம் பெண்கள். கோடை முடிவதற்குள் அவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிடுகிறார்கள். பிறகு புதிய அரசிகளையும் ஆண்களையும் வளர்த்துவிடுகிறார்கள். பனி இறங்கும்போது பழைய அரசி, உழைத்த மகள்கள், ஆண்கள் எல்லோரும் சாகிறார்கள். இணைசேர்ந்த இளம் அரசிகள் மட்டும் மரப்பட்டைக்கு அடியிலோ பரண் மூலையிலோ இறக்கையை மடக்கி உறங்குகிறார்கள். அவர்களிலும் பலர் அடுத்த வசந்தத்தைப் பார்ப்பதில்லை.

இதில் தியாகம் எங்கே இருக்கிறது? உழைப்பாளியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அரசியா உழைப்பாளியா என்பது பெரும்பாலும் முட்டையில் முடிவாவதில்லை. புழுப்பருவத்தில் கிடைத்த அறையும் தீனியும்தான் அதை முடிவு செய்கின்றன. பெரிய அறையில் நிறைய ஊட்டப்பட்டவள் அரசி. உடலில் சேர்ந்த கொழுப்பே அவளைக் குளிர் தாண்ட வைக்கிறது. கொட்டக் கொட்டக் குளவியாகும் என்பார்கள். ஊட்ட ஊட்டத்தான் அரசியாகிறாள். பனியில் யார் பிழைப்பது என்பது கோடையின் பந்தியிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்ட அம்மாக்களின் மகள்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தியாவில் 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஆண்களில் 25 விழுக்காடு. மாதவிடாய் ஒரு காரணம். தட்டு இன்னொரு காரணம். தட்டைப் பற்றிப் பேசாமலிருக்கத்தான் தியாகம் என்ற சொல் பயன்படுகிறது.

இன்னொன்று. இலையுதிர்காலத்துக் குளவி சிடுசிடுக்கிறது, இனிப்பை மொய்த்துத் தொல்லை தருகிறது என்று புகார். புழுக்களுக்கு இரை ஊட்டும்போது அவை பதிலுக்கு இனிப்பு நீர் சுரக்கும். உழைப்பாளிக்கு முக்கியமான உணவு அது. வளர்க்கப் புழுக்கள் குறைந்ததும் அந்த உணவும் குறைகிறது. பசியைக் குணம் என்கிறோம். பிள்ளைகளை ஆளாக்கி முடித்த பெண்ணை 'எரிந்து விழுகிறவள்' என்பதும் இதே கெட்டிக்காரத்தனம்.

இயற்கை என்றால் இப்படித்தான் என்று வாதாடுகிறவர்கள் தென்னிந்தியாவின் 'ரோபலிடியா மார்ஜினேட்டா' குளவியையும் பார்க்கட்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த குளவி அது. அதன் கூட்டைக் கலைக்கப் பனிக்காலம் வருவதில்லை. அரசிக்கும் உழைப்பாளிக்கும் உருவத்தில் வேறுபாடில்லை. அரசி போனால் உழைப்பவர்களில் ஒருத்தி அந்த இடத்துக்கு வருகிறாள். வெளியேறித் தனிக்கூடு கட்டுகிறவளும் உண்டு.

இதை முன்மாதிரியாக நான் நீட்டவில்லை. பூச்சியிடம் போய் நியாயம் கேட்கும் நிலையில் நாம் இல்லை. இயற்கைக்கு ஒரே சட்டம் கிடையாது என்பதற்கு மட்டும் இது சாட்சி. குளவியால் தன் கூட்டின் கணக்கைத் திருத்தி எழுத முடியாது. நம்மால் முடியும்.

அடுத்த முறை யாராவது உங்கள் அம்மாவைத் தியாகி என்று புகழ்ந்தால், இன்று அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள்.