கொண்ட்ரோலரைப் பறிச்சு என்னத்தைக் காணப்போறம்?

தோழர்களே,

போன கூட்டத்தில ஒரு தோழர் சொன்னா: "இந்தச் சுடுற கேம்ஸை எல்லாம் வீட்டில தடை செய்யவேணும். போரில தப்பி வந்த சனத்தின்ர பிள்ளையள் போரை விளையாட்டா விளையாடுதுகள்." பாதிப்பேர் தலையாட்டிச்சினம். நான் ஆட்டேல்லை. ஏனெண்டு எழுதுறன்.

அவவின்ர கோபம் எனக்கு விளங்குது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் செய்தி வந்த நாட்களில, பத்து வயசில, அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில நிண்டனான். பக்கத்தில பதாகையோட நிண்ட மச்சான், அதே வருஷம் நவம்பரில் 'கோல் ஒஃப் டியூட்டி: மொடேர்ன் வோர்ஃபெயர் 2' வந்த உடனே வாங்கினார். அவருக்குப் போர் விளங்கேல்லை எண்டு ஆராவது சொல்லேலுமே?

அவர் தேடினது துவக்கை இல்லை, கூட்டாளியளை. 2002 இல் எக்ஸ்பொக்ஸ் லைவ் தொடங்கினதோட கொன்சோல் ஒரு சந்தியா மாறிச்சு. ஹெட்செட்டைப் போட்டா ஆராவது கதைப்பினம். 2010க்குப் பிறகு சிக்கனம் எண்ட பேரில பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான இளைஞர் நிலையங்கள் மூடப்பட்டன. அம்மா அப்பா இரவு வேலைக்குப் போன வீட்டில, பெடியனுக்கு மிஞ்சின ஒரே சந்தி அதுதான்.

'சுட்டு விளையாடுறவன் சுடுவான்' எண்டது இடதுசாரி வாதமே இல்லை. 2019 ஓகஸ்டில் எல் பாசோ, டேட்டன் படுகொலைகளுக்குப் பிறகு வீடியோ கேம்ஸில் பழி போட்டவர் ட்ரம்ப். துவக்குச் சட்டத்தைப் பற்றிக் கதைக்காமல் இருக்க அது வசதியான வழி.

நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்தச் சந்தி ஆற்ற கையில இருக்கு?

முதலில் கதையைப் பாருங்கோ. 1991 இல் குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியப் படைகளை அமெரிக்கா தலைமையிலான விமானங்கள் வீதியிலேயே எரித்தன. 'மரண நெடுஞ்சாலை' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 2019 'மொடேர்ன் வோர்ஃபெயர்' கதையில், ஒரு கற்பனை நாட்டில், அதே பெயரில் ஒரு வீதி வருகிறது. அங்கே குண்டு போட்டவர்கள் ரஷ்யர்கள்! வரலாறு இப்பிடித்தான் கைமாறுது.

அடுத்தது ஆள்பிடிப்பு. பதினாறு வயசிலேயே ஆள் சேர்க்கிற பிரித்தானிய இராணுவம், 2019 சுவரொட்டிகளில் இராப்பகலா கேம் விளையாடுறவர்களைப் பார்த்து 'உன்ர உந்துதல் எங்களுக்கு வேணும்' என்ற மாதிரி அழைத்தது. 2020 இல் அமெரிக்க இராணுவத்தின் ட்விச் பக்கத்தில், எக்ஸ்பொக்ஸ் கொண்ட்ரோலர் பரிசு எண்டு காட்டின இணைப்பை அழுத்தினால் வந்தது ஆட்சேர்ப்புப் படிவம். போர்க்குற்றம் பற்றிக் கேட்டவர்களை அந்தப் பக்கத்திலிருந்து விலக்கினார்கள். இதை நிறுத்த ஒகாசியோ-கோர்ட்டெஸ் கொண்டுவந்த திருத்தம் கொங்கிரஸில் தோற்றது.

பிறகு முதலாளி. 'கோல் ஒஃப் டியூட்டி'யை வைத்திருந்த அக்டிவிஷன் பிளிஸார்டை மைக்ரோசொஃப்ட் 2023 ஒக்டோபரில் வாங்கி முடித்தது, ஏறக்குறைய 69 பில்லியன் டொலருக்கு. நான்கு மாதத்துக்குள் கேம் பிரிவில் 1,900 பேரின் வேலை போனது. அமெரிக்க இராணுவத்துக்குப் போர்க்களக் கண்ணாடி செய்ய ஒப்பந்தம் எடுத்ததும் இதே கொம்பனிதான். 2019 இல் அதன் ஊழியர்களே அதை எதிர்த்துக் கடிதம் எழுதினவை.

அங்கதான் எங்கட பக்கம் இருக்கு, தோழர்களே. 'வோர்ஸோன்' கேமில பிழை தேடுற ரேவன் சொஃப்ட்வெயர் தொழிலாளர், சக தொழிலாளரை நீக்கினதுக்காக 2021 டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்து, 2022 மே மாதம் சங்கத்துக்கு வாக்களித்து வென்றார்கள். 2025 ஏப்ரலில் பலஸ்தீன பி.டி.எஸ். இயக்கம் எக்ஸ்பொக்ஸைப் புறக்கணிக்கக் கேட்டது. அது சேர்ந்து எடுக்கிற அரசியல் முடிவு. தம்பியின்ர அறைக்குள்ள போய் வயரைப் பிடுங்கிறது அதில்லை.

தடை போட்டா அவன் கதவைச் சாத்துவான். கதவுக்கு அங்கால ஆட்சேர்ப்புக்காரன் இருப்பான், நாங்கள் இருக்கமாட்டம்.

அதால என்ர முன்மொழிவு இது: ஆட்சேர்ப்பைக் கேம் தளங்களிலிருந்து வெளியேற்றக் கோருவம், கேம் தொழிலாளர் சங்கங்களோட நிற்பம், புறக்கணிப்பைப் பற்றி விளையாடுறவையோடையே கதைப்பம்.

அடுத்த கூட்டத்துக்கு வரேக்க உங்கட தம்பி தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஏசுறதுக்கு இல்லை, கேக்கிறதுக்கு.