சுடுதளப் பாதுகாப்பு யாருடைய பொறுப்பு?

பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் 2024-ஆம் ஆண்டு இந்தியா பெற்ற ஆறு பதக்கங்களில் மூன்று, துப்பாக்கி சுடுதலில் கிடைத்தவை. ஏதென்ஸில் 2004-இல் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் வெள்ளியும், பெய்ஜிங்கில் 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கமும் வென்றபோது எழுந்த ஆர்வம், மனு பாக்கர், சரப்ஜோத் சிங், ஸ்வப்னில் குசாலே ஆகியோரின் வெற்றிகளால் மேலும் பெருகியுள்ளது. ஒரு காலத்தில் அரச குடும்பத்தினருக்கும் ராணுவத்தினருக்கும் மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட இந்த விளையாட்டில், இன்று நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுவர், சிறுமியரும் ஈடுபடுகின்றனர். இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் இரு வேறு கருத்துகளுக்கு இடமில்லை. ஆனால், பதக்கங்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அந்தப் பதக்கங்கள் உருவாகும் சுடுதளங்களின் பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பொதுச் சுடுதளம் என்பது விசித்திரமான இடம். அங்கே ஒருவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், அந்தக் கவனம் மட்டுமே அவரைக் காப்பாற்றிவிடாது. அடுத்த தடத்தில் நிற்பவர் யார், அவர் எத்தனை நாள் பயிற்சி பெற்றவர், யாராவது அழைத்தால் கையிலுள்ள துப்பாக்கியோடு அப்படியே திரும்பிப் பார்ப்பவரா என்பதெல்லாம் இவருக்குத் தெரியாது. சாலையில் எதிரே வரும் வாகனத்தை நம்பித்தான் ஒவ்வொருவரும் வண்டி ஓட்டுகிறார்கள். அங்கே ஓட்டுநர் உரிமம், போக்குவரத்துக் காவலர், சிவப்பு விளக்கு என்று அந்த நம்பிக்கைக்குச் சில ஆதாரங்களாவது இருக்கின்றன. சுடுதளத்தில் அந்த ஆதாரம் என்ன என்பதுதான் கேள்வி.

இது வெறும் கற்பனையான அச்சமல்ல. தில்லி துக்ளகாபாதில் உள்ள டாக்டர் கர்ணி சிங் சுடுதளம் நாட்டின் தலைசிறந்த தளங்களில் ஒன்று. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அமைக்கப்பட்டு, 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பிக்கப்பட்டது. அங்கேயே 2023 டிசம்பரில், ஏர் பிஸ்டலின் உருளையில் காற்று நிரப்பிக் கொண்டிருந்த வீரர் ஒருவர், அது வெடித்ததில் கட்டைவிரலை இழந்தார். அவர் புதியவர் அல்ல. தேசியப் போட்டிக்குத் தயாராகிக் கொண்டிருந்தவர். நாட்டின் முதன்மையான தளத்தில், அனுபவமுள்ள வீரருக்கே இது நேர்ந்தது என்றால், சிறு நகரங்களில் புதிதாக முளைத்துவரும் பயிற்சிக் கூடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தளத்தின் சுவருக்கு வெளியே இருப்பவர்களும் இதில் அடக்கம். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே 2021 டிசம்பர் இறுதியில், படையினர் பயிற்சி மேற்கொள்ளும் சுடுதளத்திலிருந்து பாய்ந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையைத் துளைத்தது. சில நாள்களில் அந்தச் சிறுவன் உயிரிழந்தான். அது பொதுமக்கள் பயன்படுத்தும் தளம் அல்லதான். ஆயினும், குண்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது. விளையாட்டில் பயன்படும் 0.22 அங்குல ரைஃபிளின் சிறிய குண்டுகூடத் தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிச் செல்லக்கூடியது. இலக்குக்குப் பின்னால் உள்ள மண்மேடும் சுவரும் எத்தனை உயரம், எந்த நிலையில் உள்ளன என்பது உயிர்ப் பிரச்னை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2014 ஆகஸ்டில் நடந்த சம்பவம் மற்றொரு பாடம். சுற்றுலாப் பயணிகளுக்கான சுடுதளம் ஒன்றில் 9 வயதுச் சிறுமியின் கையில் 'உசி' ரகத் தானியங்கித் துப்பாக்கி தரப்பட்டது. அதன் உதறலைச் சமாளிக்கச் சிறுமியால் முடியவில்லை. குழல் திசைமாறி, பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்த பயிற்சியாளரே குண்டுக்குப் பலியானார். துப்பாக்கிக் கலாசாரத்தில் ஊறிய நாட்டில், பயிற்சியாளர் அருகில் இருந்தும், விபத்தைத் தடுக்க முடியவில்லை. யாருடைய கையில் எதைத் தரலாம் என்ற முதல் முடிவே தவறாகிவிட்டால், அதன் பிறகு எடுக்கப்படும் முன்னெச்சரிக்கைகளால் பயனில்லை.

இந்த விளையாட்டுக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நீண்ட உறவு உண்டு. இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்தவர், மக்களவையின் முதல் தலைவர் ஜி.வி. மாவளங்கர். துக்ளகாபாத் தளத்துக்குப் பெயர் தந்த பிகானீர் மன்னர் கர்ணி சிங், ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றவர். 1952 முதல் 1977 வரை மக்களவை உறுப்பினராகவும் இருந்தவர். ஏதென்ஸில் வெள்ளி வென்ற ரத்தோர் பின்னாளில் மத்திய விளையாட்டு அமைச்சரானார். இத்தனை நெருக்கமிருந்தும், ஆயுதங்களைப் பற்றி அவையில் விவாதம் எழும்போதெல்லாம் சுடுதளம் அதன் ஓரத்தில்கூட இடம் பெறுவதில்லை.

கடந்த 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியதை இதற்கு உதாரணமாகக் கூறலாம். ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதே அன்றைய முக்கிய சர்ச்சை. மூன்றாக இருந்த உச்சவரம்பை ஒன்றாகக் குறைக்க மசோதா முதலில் வகை செய்தது; எதிர்ப்பு எழுந்ததையடுத்து இரண்டு என்று முடிவானது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்தது. திருமணங்களிலும் விழாக்களிலும் மகிழ்ச்சிக்காகத் துப்பாக்கியால் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம் என்ற புதிய பிரிவும் சேர்க்கப்பட்டது. அலட்சியமாகத் துப்பாக்கியைக் கையாள்வதும் அதே பிரிவின் கீழ் குற்றம்தான். ஆனால், இவை விபத்து நேரும் சூழல் உருவான பிறகு தண்டிக்கும் ஏற்பாடுகள்.

மறுபுறம், விளையாட்டு வீரர்கள் மீது சட்டம் கூடுதல் நம்பிக்கை வைத்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் சங்க உறுப்பினர்கள் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் 0.22 ரைஃபிளுக்கும் ஏர் ரைஃபிளுக்கும் எண்ணிக்கை வரம்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம், வீரர்கள் வைத்துக்கொள்ளக்கூடிய ஆயுதங்கள், வாங்கக்கூடிய தோட்டாக்கள் ஆகியவற்றின் அளவை உயர்த்தியது. வீரர்களின் நியாயமான தேவை கருதி எடுக்கப்பட்ட முடிவு அது. ஆனால், சலுகை பெருகும்போது பொறுப்பும் பெருக வேண்டும் என்பது எளிய நியதி.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமம் கோருவோர் பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைக் கட்டாயமாக்கின. பாராட்டத்தக்க சீர்திருத்தம்தான். ஆனால், அது சொந்தமாகத் துப்பாக்கி வாங்குவோருக்கானது. பயிற்சிக் கூடத்துத் துப்பாக்கியை முதன்முறையாகக் கையில் எடுக்கும் சிறுவனோ, நண்பருடன் வேடிக்கை பார்க்க வந்து 'நானும் ஒருமுறை சுட்டுப் பார்க்கிறேன்' என்று தடத்துக்குள் நுழைபவரோ அந்தக் கட்டத்தைக் கடந்து வருவதில்லை. ஏர் பிஸ்டல், ஏர் ரைஃபிள் வகைகளில் குறைந்த ஆற்றல் கொண்டவற்றுக்கு உரிமமே தேவையில்லை. 'காற்றுத் துப்பாக்கிதானே' என்ற அலட்சியம் இதனால் வளர்கிறது. கண்ணைப் பறிக்க 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஒன்றே போதும்.

சிக்கலின் வேர் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையிலேயே இருக்கிறது. ஆயுதங்களும் தோட்டாக்களும் மத்தியப் பட்டியலில் உள்ளன; விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது. சுடுதளம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. உள்துறை அமைச்சகத்தின் பார்வையில் அது ஆயுதக் கணக்கு. விளையாட்டுத் துறையின் பார்வையில் அது பதக்கக் கணக்கு. அங்கே வந்து போகும் மனிதரின் உயிர் யாருடைய கணக்கில் வருகிறது?

எதைச் செய்ய வேண்டும் என்று தெரியாமல் இல்லை. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிகள் தெளிவாகவே உள்ளன. தள அதிகாரி 'லோடு' என்று சொல்லும் வரை துப்பாக்கியில் தோட்டாவை நிரப்பக் கூடாது. 'ஸ்டாப்' என்ற குரல் கேட்டால், விசையில் விரல் பதிந்திருந்தாலும், அந்தக் கணமே நிறுத்த வேண்டும். சுடாத நேரத்தில் துப்பாக்கியின் தோட்டா அறையில் பளிச்சென்ற நிறமுள்ள பாதுகாப்புக் கொடி செருகப்பட்டிருக்க வேண்டும். தூரத்தில் நிற்பவரும் அதைப் பார்த்து, ஆயுதம் வெறுமையாக உள்ளது என்று அறிந்துகொள்ளலாம். இலக்கின் பக்கம் ஆள்கள் செல்லும்போது யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. காற்று உருளையின் ஆயுள்காலம் முடிந்துவிட்டதா என்று பார்ப்பது வீரரின் பொறுப்பு. ஆபத்தான எதையும் கண்டால் உடனே அதிகாரிக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை. சர்வதேசப் போட்டிகளில் இவை அனைத்தும் கறாராகப் பின்பற்றப்படுகின்றன. சாதாரண நாளில், சாதாரணத் தளத்தில், கண்காணிக்க ஆளில்லாத நேரத்தில் பின்பற்றப்படுகின்றனவா என்பதே கேள்வி.

இத்தகைய விபத்துகள் அரிதானவை என்றும், புதிய கட்டுப்பாடுகள் வளர்ந்துவரும் விளையாட்டை முடக்கிவிடும் என்றும் சிலர் வாதிடக் கூடும். உரிமத்துக்காகவும் தோட்டாக்களுக்காகவும் அலுவலகம் அலுவலகமாக அலையும் வீரர்களின் மனக்குறையில் நியாயம் உண்டு. மேலும் ஒரு முத்திரை, மேலும் ஒரு கையெழுத்து என்று கோருவது தீர்வாகாது. ஆனால், பாதுகாப்பு வேறு, காகிதக் கெடுபிடி வேறு. முன்னதற்குத் தேவைப்படுவது கோப்புகள் அல்ல; சுடும் கோட்டின் பின்னால் நிற்கும் தகுதி வாய்ந்த ஒரு மனிதரும், அவருடைய சொல்லுக்குக் கட்டுப்படும் பழக்கமும்தான். விபத்து அரிது என்ற வாதத்தைச் சரிபார்க்கவும் வழி வேண்டும். நேர்ந்த விபத்துகளும், மயிரிழையில் தப்பியவையும் முறையாகப் பதிவாகி வெளியிடப்பட்டால்தான் அந்த வாதத்துக்கு மதிப்பு கிடைக்கும்.

நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. விளையாட்டுச் சங்கங்களை அங்கீகரிக்கவும் மேற்பார்வையிடவும் தேசிய விளையாட்டு வாரியம் அமைக்க அது வழிசெய்கிறது. இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பயிற்சி பெற்ற தள அதிகாரி இல்லாமல் எந்தத் தடமும் திறக்கப்படக் கூடாது. முதன்முறை வருபவர் யாராக இருந்தாலும் செயல்முறை விளக்கம் பெறாமல் துப்பாக்கியைத் தொடக் கூடாது. தடுப்புச் சுவர்களையும் மண்மேடுகளையும் தளத்தோடு தொடர்பில்லாத வல்லுநர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதித்து, அந்த அறிக்கையைத் தளத்தின் வாயிலில் ஒட்ட வேண்டும். இந்த மூன்றையும் அங்கீகாரத்தின் நிபந்தனைகளாக்குவது கடினமல்ல. உள்துறையும் விளையாட்டுத் துறையும் சேர்ந்து அமர்ந்தால் போதும். எந்தக் கட்சி உறுப்பினரும் கேள்வி நேரத்தில் எழுப்பக்கூடிய விஷயமே இது.

அதுவரை சுடுதளத்துக்குச் செல்பவர்கள் தங்களையும் பிறரையும் தாங்களே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே கருத வேண்டும். குழல் எப்போதும் இலக்கின் திசையிலேயே இருக்க வேண்டும். சுடும் கணம் வரை விசையில் விரல் படக் கூடாது. இலக்குக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். இவை தெரிந்த விதிகள்தான். கண்ணாடியும் காது அடைப்பானும் அணிவது, பயிற்சி முடிந்ததும் ஈயத் துகள் போகக் கை கழுவுவது ஆகியவையும் அப்படியே. தெரியாத விதி ஒன்று உண்டு: பக்கத்துத் தடத்தில் தவறு நடப்பதைக் கண்டால், கூச்சம் பாராமல் குரல் கொடுக்க வேண்டும். குரல் எடுபடாவிட்டால், துப்பாக்கியை வெறுமையாக்கி வைத்துவிட்டு அங்கிருந்து வெளியேற வேண்டும். கட்டிய கட்டணம் போனால் போகட்டும்.

பெரியவர், மூத்த வீரர், அதிகாரி என்றெல்லாம் பார்த்து வாய் மூடி நிற்பது நமது சமூகத்தின் பழக்கம். மற்ற இடங்களில் அது மரியாதையாக இருக்கலாம். சுடும் கோட்டில், பத்து வயதுச் சிறுமி 'ஸ்டாப்' என்று சொன்னாலும் பதக்கம் வென்றவர் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை உருவாக்கும் பொறுப்பு அரசுக்கும் சங்கங்களுக்கும் உண்டு. அடுத்த ஒலிம்பிக்கில் எத்தனை பதக்கம் என்று கணக்குப் போடும் முன்பு, இன்று மாலை பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகள் அனைவரும் பத்திரமாக வீடு திரும்புவதை உறுதி செய்வது அவசியம்.