காதில் விழாத சத்தம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் சின்ன இரைச்சல் வந்தாலும் எனக்குப் பொறுக்காது. கம்பியை மாற்றுங்கள், இணைப்பைப் பாருங்கள் என்று பொறியாளரைப் படுத்தி எடுத்துவிடுவேன். அப்படிப்பட்ட நான், என் சைக்கிள் மூன்று மாதமாக 'க்ளிக்... க்ளிக்' என்று முனகியதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை என்றால் நம்புவீர்களா?

என்னிடம் இருப்பது ஃப்ரீரைடு மலைச்சைக்கிள். பாறையிலிருந்து குதிக்கவும் மேட்டிலிருந்து தாவி இறங்கவும் செய்யப்பட்டது. வேலை கிடைத்த புதிதில் பழையதாக வாங்கினேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, சாங்கியிலிருந்து படகேறி, புலாவ் உபினில் உள்ள கெத்தாம் மலைச்சைக்கிள் பூங்காவுக்குப் போவேன். 2008ல் திறந்த அந்தப் பூங்காவில், எந்தப் பாதை எவ்வளவு கடினம் என்பதை நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று பலகைகள் சொல்லும். எனக்கு இரட்டை வைரத்தின் மேல்தான் கண்.

அதற்கு என் பழைய ஃபோர்க் போதாது என்று தோன்றியது. ஃபோர்க் என்பது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை. அமுங்கி எழுந்து அதிர்வைத் தாங்கும். என்னுடையது 160 மில்லிமீட்டர் அமுங்கும். பழைய பொருள் விற்கும் இணையத்தளத்தில் 180 மில்லிமீட்டர் ஃபோர்க் ஒன்று 450 வெள்ளிக்கு வந்தது. பளபளவென்று இருந்தது. வாங்கிவிட்டேன்.

"பெடல் பக்கம் சத்தம் வருதுன்னு சொன்னீங்களே, அதைப் பாக்கலையா?" என்றார் மனைவி.

"அது அடுத்த மாசம்" என்றேன்.

ஃபோர்க்கைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடை அங்கிளிடம் போனேன். அளந்து பார்த்தவர், "கேன்னாட் லா" என்றார். என் ஃபிரேமின் தலைக்குழாய் மேலும் கீழும் ஒன்றே அரைக்கால் அங்குலத் தண்டுக்கு உரியது. நான் வாங்கியதோ அடியில் ஒன்றரை அங்குலமாகப் பருத்த தண்டு. உள்ளேயே போகாது. பொருந்தியிருந்தாலும் சரிவராது என்று விளக்கினார். ஃபோர்க் 20 மில்லிமீட்டர் நீண்டால் சைக்கிளின் முன்பக்கம் எழும்பும். தலைக்கோணம் ஏறக்குறைய ஒரு பாகை சாயும். மேடு ஏறும்போது முன்சக்கரம் அலையும். நீண்ட ஃபோர்க், நெம்புகோல் மாதிரி ஃபிரேமின் கழுத்தை வளைக்கப் பார்க்கும். எந்த அளவு வரை தாங்கும் என்று ஃபிரேம் செய்தவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை.

பிறகு அவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலில் ஏறி அமுக்கினார். 'க்ளிக்.' முகம் மாறியது. கிராங்கைத் துடைத்து டார்ச் அடித்துக் காட்டினார். இடது கிராங்கில், பெடல் திருகும் ஓட்டையை ஒட்டி முடி கனத்தில் ஒரு விரிசல்.

"பிள்ளை இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு, மூணு வயசு" என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

தாவி இறங்கும்போது நாம் இருக்கையில் உட்கார்ந்திருப்பதில்லை. என் 78 கிலோ எடையும் இறங்கும் வேகமும் பெரும்பாலும் அந்த இரண்டு பெடல்களில்தான் விழுகின்றன. அந்த நேரத்தில் கிராங்க் முறிந்தால் கால் தரைக்குப் போகும், முகம் ஹேண்டில்பாருக்குப் போகும். விரிசல் விட்ட அலுமினியக் கிராங்கைப் பற்றவைத்து ஓட்ட முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஃபோர்க்கை 100 வெள்ளி நஷ்டத்தில் விற்றேன். அந்தப் பணத்தில் புதிய கிராங்கும் அதற்குரிய பேரிங்கும் வந்தன. முன்பு 175 மில்லிமீட்டர் நீளம், இப்போது 170. பெடல் கீழே வரும்போது தரையிலிருந்து 5 மில்லிமீட்டர் கூடுதலாக விலகி நிற்கும்; பாறையில் தட்டுவது குறையும்.

பழைய ஃபோர்க்கைத் திறந்தால் உள்ளே எண்ணெய் வற்றிக் கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் திறந்ததே இல்லை! எண்ணெயும் சீலும் மாற்றி, நான் ஏறி நின்றால் 40 மில்லிமீட்டர், அதாவது கால்வாசி, அமுங்கும்படி காற்றடித்துக் கொடுத்தார் அங்கிள். போதாது என்று நான் ஒதுக்கிய ஃபோர்க் இப்போது வெண்ணெய் மாதிரி வேலை செய்கிறது.

நீங்களே கழற்றிப் பார்ப்பவர் என்றால் ஒன்று சொல்கிறேன்: இடது பெடலின் மரை எதிர்த்திசையில் திருகும். பலம் காட்டி மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

போன ஞாயிறு மீண்டும் உபின் போனேன். சைக்கிள் மூச்சு விடவில்லை. வானொலியில் மூன்று நொடி அமைதி விழுந்தாலே எங்களுக்கு வியர்க்கும். அன்று அந்த அமைதி சுகமாக இருந்தது. இரட்டை வைரத்தை இன்னும் தொடவில்லை, அவசரமும் இல்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டுச் சைக்கிளை, பிள்ளைகளின் சைக்கிளையும் சேர்த்து, ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.