சப்பாத்து நாடாவும் பின்னற் கோலாட்டமும்

சென்ற தவணையில் ஒருநாட் காலை, இரத்தினபுரிப் பகுதியிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றின் வாயிலில் நின்றிருந்தேன். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் நிலம் அது. இறப்பர் மரங்களினூடே ஒற்றையடிப் பாதையில் வரும் பிள்ளைகள் சப்பாத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வருவர். ஒட்டிய அட்டையைத் தட்டிவிட்டு, பீலித் தண்ணீரிற் காலைக் கழுவி, அதன் பின்னரே அணிந்துகொள்வர். அன்று நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நாடாவின் நுனியை வாயில் வைத்து நனைத்து, சப்பாத்தின் துளையில் நுழைக்க முயன்றுகொண்டிருந்தாள். நுனியிலிருந்த குப்பி கழன்றுபோய், நூல் பூவாக விரிந்து கிடந்தது. அருகில் நின்ற அவள் தமையன், "மெழுகுதிரியில தோச்சா ரெண்டு நாளைக்கு நிக்கும் சேர்" என்றான். அவனுடைய நாடாவின் நுனியிலும் மெழுகு உறைந்திருந்தது.

அந்த நாடாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் எனக்கு, நாள்தோறும் நான் கட்டி அவிழ்க்கும் இப்பொருள் எங்ஙனம் ஆகிறது என்பது தெரியாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். 'சப்பாத்து' போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல் என்பதும், 'லேஸ்' என்பது சுருக்குக் கயிற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதும் தெரியும். சொல்லின் பிறப்பை அறிந்தவனுக்குப் பொருளின் பிறப்புத் தெரியவில்லை. பண்டிதர்களுக்கு இது புதிய நோயன்று.

தேடிப் படித்தேன். ஆர்மேனியாவில் அரேனி என்னும் குகையிலே கிடைத்த தோற்காலணி ஏறத்தாழ 5,500 ஆண்டுப் பழைமையது. அதிலும் தோல்வார் கோக்கப்பட்டிருக்கிறது. வார் வேறு, நாடா வேறு. நாடா பின்னப்படுவது. கயிற்றை நாம் திரிக்கிறோம், கூந்தலைப் பின்னுகிறோம். இவ்விரு வினைகளையும் தமிழ் மயக்குவதில்லை. திரித்ததை வெட்டினால் புரி தானாகவே கழன்று பிரியும். பின்னியதில் ஓர் இழை மற்றோரிழையின் மேலும் கீழும் மாறிமாறிச் செல்வதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நாள்தோறும் இழுபடும் நாடாவைத் திரிக்காமற் பின்னுவதன் காரணம் இதுவே.

கை செய்த இவ்வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர் யார்? 1748ஆம் ஆண்டில் மான்செஸ்டரைச் சேர்ந்த தோமஸ் வால்போர்ட் என்பவர் பின்னல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்பு ஜெர்மனியின் பார்மன் நகரம் இத்தொழிலிற் பெயர் பெற்றது. ஏங்கெல்ஸ் 1820இல் பிறந்த ஊர் அது. அவருடைய தந்தையாரும் நூலாலை முதலாளிதான்.

இவ்வியந்திரத்தின் அமைப்பைப் படித்தபோது எனக்கு வியப்பைவிட நாணமே மிகுந்தது. ஏனெனில் இது நம் கோயில் முற்றத்தில் ஆடப்படும் பின்னற் கோலாட்டமே! மேலிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, பாதிப்பேர் வலமாகவும் பாதிப்பேர் இடமாகவும் சுற்றுவர். எதிர்வருபவரை ஒருமுறை உள்ளாகவும் மறுமுறை வெளியாகவும் கடப்பர். மேலே பின்னல் வளர்ந்துகொண்டே வரும். இயந்திரத்தில் ஆடுவோருக்குப் பதிலாக நூற்சுருள்களைத் தாங்கிய தண்டுகள் நிற்கின்றன. ஓர் இரும்புத் தட்டில், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு வளைபாதைகள் குடையப்பட்டிருக்கின்றன. தட்டின் அடியிலே பற்சில்லுகள் வட்டமாக நிற்கும். ஒவ்வொன்றும் தன் அயலிலுள்ளதற்கு எதிர்ப்புறமாகச் சுழலும். சில்லின் விளிம்பில் வெட்டிய வாயிலே தண்டின் அடி சிக்கிக்கொள்ள, ஒரு சில்லு அதைக் கொணர்ந்து அடுத்ததன் வாயிற் கொடுத்துவிட்டு வேறொன்றை ஏற்கும். வாங்குவதும் கொடுப்பதும் ஒரு கணம் பிசகினால் தண்டுகள் மோதி முறியும்.

பாதை முழுவட்டமாயின் உருண்டை நாடா பிறக்கும். வட்டத்தை ஓரிடத்தில் அறுத்து, அங்கு வந்த தண்டுகள் திரும்பிச் செல்லுமாறு செய்தால் தட்டை நாடா பிறக்கும். நம் பெண்கள் மூன்று புரியாகத் தலை பின்னும்போது ஒவ்வொரு புரியும் ஓரத்தைத் தொட்டுத் திரும்புகிறதே, அதே முறைதான். பின்னியதை மேலே இழுக்கும் சில்லு விரைந்தால் பின்னல் நெகிழும், தாமதித்தால் இறுகும். எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அதற்கேற்பப் பற்சில்லை மாற்றிக்கொள்வர். ஓரிழை அறுந்தால், அவ்விழையின் இறுக்கத்தால் தாங்கப்பட்டிருந்த ஒரு சிறு எடை விழுந்து இயந்திரத்தை நிறுத்திவிடும். நுனிக்குப்பி இடுவது வேறோர் இயந்திரத்தின் வேலை. அதிலுள்ள நுட்பம் ஒன்று என்னை மிகக் கவர்ந்தது. நீண்ட பின்னலில் அளவுக்கு அளவு இரட்டை நீளத்தில் மெல்லிய தகட்டைச் சுற்றி, சூட்டினாலோ கரைப்பானாலோ இளக்கி அழுத்தி, அதன் நட்டநடுவில் வெட்டுகின்றனர். ஒரே வெட்டில் ஒரு நாடாவின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் குப்பியுடன் அமைந்துவிடுகின்றன. இதை எண்ணிக் கண்டவன் யாரோ, அவனை நான் புலவன் என்றே சொல்லுவேன்.

நம் புலவரும் பொறிகளைப் பாடியவரே. மதுரை மதிலின் பொறிகளைச் சிலப்பதிகாரம் அடுக்குகிறது. சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியில் விசயை பறந்து சென்ற கதையைச் சீவக சிந்தாமணி கூறுகிறது. மேடைதோறும் இவற்றைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர்களுள் நானும் ஒருவன். மயிற்பொறிக்குள் எத்தனை சில்லுகள் இருந்திருக்கும் என்று எந்த மாணவனாவது கேட்டானா? கேட்குமாறு நான்தான் கற்பித்தேனா?

என்னிடம் கற்ற ஒருவர், கேகாலைப் பக்கத்துத் தோட்டத்து லயத்திற் பிறந்தவர், இன்று ஒரு தொழிற்சாலையில் இத்தகைய பின்னல் இயந்திரங்களுக்கு நடுவே நிற்கிறார். ஆறு ஆண்டுகளாக அவருக்கு இட்ட வேலை, அறுந்த இழையை முடிவதும் தீர்ந்த சுருளை மாற்றுவதுமே. இயந்திரம் ஏன் நின்றது என்று அவராகவே பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறார். கைந்நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க அவருக்கு அனுமதியும் இல்லை. ஒருமுறை பழுதின் காரணத்தைச் சரியாகச் சொன்னதற்கு, "உன் வேலையைப் பார்" என்ற விடையே கிடைத்ததாம். உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டது. அவர் அதைக் கற்க விரும்பினார். எட்டும் தூரத்தில் அதைத் தமிழிற் கற்பிக்கும் பாடசாலை இல்லை. ஆகவே என்னிடம் வந்து கலைப்பிரிவிற் சேர்ந்தார். தமிழுக்கு நல்ல பெறுபேறு பெற்றார். அதை நினைத்து அன்று நான் பெருமைப்பட்டேன். இன்று அப்பெருமை உறுத்துகிறது.

தமிழில் இவற்றைச் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர் இருக்கின்றனர். 1860களிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழ் மாணவர்க்கு மேலைத்தேச மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். பின்னர் நம் நாட்டு அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. மேலே இயந்திரத்தை விளக்கியபோது எனக்கும் சொல்லுக்குப் பஞ்சம் வரவில்லை. சொற்கள் இருக்கின்றன. சப்பிரகமுவத் தோட்டப் பிள்ளைக்கு அச்சொற்களைக் கொண்டு கற்பிக்கும் ஆசிரியரும், கழற்றிப் பூட்டிப் பார்க்க ஒரு பட்டறையும்தான் இல்லை.

இயந்திரம் வந்தால் கைக்கு வேலை போகும் என்று தோட்டத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அவர் அச்சம் பொய்யன்று. எனினும் இயந்திரம் நம் சம்மதத்தைக் கேட்டு வருவதில்லை. அது வரும்போது அறுந்த இழையை முடிபவராகவே நாம் நிற்பதா, பற்சில்லை மாற்றி அமைப்பவராகவும் ஆவதா என்பதே என் கேள்வி. தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசு காலணி வவுச்சர் கொடுத்திருக்கிறது, நன்றியுடையோம். அந்தக் காலணியின் நாடாவைப் பின்னும் பொறியை வரையக்கூடிய கல்வியையும் கேட்பது பேராசை அன்று. மாகாணத்தில் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் ஒரு தமிழ்ப் பாடசாலையிலேனும் தொழில்நுட்பப் பிரிவைத் தொடங்குக என்று கேட்கிறேன்.

இதற்கிடையில், என்னால் ஆனதை மூங்கிற் கம்பத்தோடு தொடங்கினேன். கம்பத்தின் உச்சியில் எட்டுத் துணிப் பட்டிகளைக் கட்டி, எட்டுப் பிள்ளைகளை விட்டுப் பின்னற் கோலாட்டம் ஆடச் சொன்னேன். நாலாம் சுற்றில் ஒரு பையன் திசை தவறினான், எல்லாம் சிக்கிக்கொண்டது. சிரிப்பு அடங்கியதும் மெழுகுநாடாச் சிறுமி, "சேர், மிஷின்ல ஒருத்தர் தப்பா போனா அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். எடை விழும் கதையைச் சொன்னேன். அந்த எடை எங்கே தொங்கும் என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்கு விடை தெரியவில்லை. தொழிற்சாலையிலுள்ள என் பழைய மாணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அடுத்த பௌர்ணமி விடுமுறையில் வருகிறாராம். கழித்துப் போட்ட பழைய தண்டு ஒன்று கிடைத்தால் கேட்டு வாங்கி வருவதாகவும் சொன்னார்.