ஆளுக்கு 7 கிலோ: பட்ஜெட் விமானத்தில் நண்பனின் சுமையை யார் தூக்குவது?

திருச்சி விமான நிலையம், கோலாலம்பூர் செல்லும் பட்ஜெட் விமானத்துக்கான செக்-இன் வரிசை. இரண்டு நண்பர்கள். ஒருவரின் பை 5 கிலோ, இன்னொருவரின் பை 9 கிலோ. கவுண்டரில் இருப்பவர் ஆளுக்கு 7 கிலோதான் என்கிறார். உடனே அந்த வசனம் வருகிறது: "மாப்ள, உன் பேக்லதான் இடம் இருக்குல்ல? இந்த ஷூவ மட்டும் போட்டுக்கடா."

யார் மறுப்பார்கள்? பின்னால் வரிசை நிற்கிறது. தரையில் உட்கார்ந்து ஜிப்பைத் திறக்கிறார்கள். ஷூ, சார்ஜர் பை, ஒரு ஜீன்ஸ் என 2 கிலோ கைமாறுகிறது. கூடுதல் கட்டணம் இல்லை, எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறார்கள்.

கணக்கு அங்கே முடிவதில்லை. நான்கு நாள் கழித்து ஊர் திரும்பும்போது, குறைவாக எடுத்து வந்தவர் அம்மாவுக்கும் தங்கைக்கும் வாங்கிய பொருட்களை வைக்க இடம் தேடுகிறார். அந்த இடத்தில் நண்பனின் ஷூ இருக்கிறது. எக்ஸ்ட்ரா லக்கேஜ் பணத்தை அவரே கட்டுகிறார். கேட்கவும் முடியாது, கேட்டால் "ஒரு ஷூவுக்கா இவ்ளோ பேசுற?" என்று பதில் வரும்.

இருவர் சேர்ந்து போகும் பட்ஜெட் பயணத்தில் பையின் எடை தனிப்பட்ட விஷயம் அல்ல. ஒருவர் மட்டும் ‘லைட்டாக’ பேக் செய்தால் அது மற்றவருக்கான இலவச குடோன் ஆகிவிடும். ஆகவே ஹோட்டலை எப்படி இருவரும் பேசி முடிவு செய்கிறார்களோ, அதேபோல பையையும் டிக்கெட் போடும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். நட்புக்குள் கிலோ கணக்கு என்ன என்று சிலருக்குத் தோன்றும். கணக்கு பேசாததால்தான் பாதி ட்ரிப்பில் முகம் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

7 கிலோ எங்கிருந்து வந்தது?

பட்ஜெட் விமானத்தின் தொழிலே டிக்கெட்டைப் பிரித்து விற்பதுதான். சீட்டுக்கு ஒரு விலை, ஜன்னல் ஓரத்துக்கு ஒரு விலை, சாப்பாட்டுக்கு ஒரு விலை, பைக்கு ஒரு விலை. ஐரோப்பாவில் ரயன்ஏர் 2006-லேயே செக்-இன் பைக்குத் தனிக் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. அமெரிக்காவின் ஸ்பிரிட் 2010-ல் தலைக்கு மேலே வைக்கும் கேபின் பைக்கே காசு கேட்டது. ஆசியாவில், கடனில் மூழ்கிக் கிடந்த ஏர்ஏசியாவை டோனி பெர்னாண்டஸ் 2001-ல் ஒரு ரிங்கிட் விலைக்கு (கடனோடு சேர்த்து) வாங்கி, ‘இனி எல்லோரும் பறக்கலாம்’ என்று விளம்பரம் செய்து வளர்த்தார். எல்லோரும் பறக்கலாம்தான். எல்லோருடைய பையும் இலவசமாகப் பறக்காது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பை இல்லாமல் போகிறவர், 25 கிலோ கொண்டுபோகிறவரின் செலவைச் சுமக்க வேண்டியதில்லை என்பது நியாயமான ஏற்பாடு. ஏமாறுவது விதியைப் படிக்காதவர்தான். ஏர்ஏசியாவில் ஒரு கேபின் பை, ஒரு சின்னக் கைப்பை என இரண்டு அனுமதி. ஆனால் இரண்டும் சேர்ந்து 7 கிலோ. ஸ்கூட்டில் எகானமி பயணிக்கு இரண்டும் சேர்த்து 10 கிலோ. ஒரே ஊருக்கு, ஒரே நாளில், இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் 3 கிலோ வித்தியாசம். டிக்கெட் விலை கொஞ்சம் குறைவு என்று பாய்ந்து புக் செய்பவர்கள் இந்த 3 கிலோவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், போன வருஷம் போய் வந்தவர் சொல்வதைவிட மெயிலில் வந்த டிக்கெட்டில் இருப்பதுதான் செல்லும்.

பைக்கான கட்டணம் புக்கிங்கின்போது ஒரு விலை, கவுண்டரில் அதைவிட அதிகம், கேட்டில் பிடிபட்டால் இன்னும் அதிகம். தாமதமாக உண்மையை ஒப்புக்கொள்பவரிடம்தான் நிறைய வசூலாகிறது.

சுருட்டினால் எடை குறையுமா?

பேக்கிங் ரீல்ஸ்கள் டி-ஷர்ட்டை எப்படிச் சுருட்டுவது, காற்றை உறிஞ்சும் கவரில் எப்படி அமுக்குவது என்று அழகாகக் காட்டுகின்றன. சுருட்டினால் இடம் குறையும்; எடை ஒரு கிராம்கூடக் குறையாது. இடம் மிச்சமாகிறதே என்று இன்னும் இரண்டு துணியைத் திணிக்கத்தான் தோன்றும். 7 கிலோ விதியில் அடிபடுபவர்களில் பலர் சின்னப் பையில் நிறைய அடைத்தவர்கள்.

எடையைத் தின்பது துணியைவிட மற்றவைதான். முதல் எதிரி பையே. சக்கரம் வைத்த கெட்டி ட்ராலி, காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். அனுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் பிளாஸ்டிக்குக்கும் சக்கரத்துக்கும் போகிறது. ஒரு கிலோவுக்குள் இருக்கும் சாதாரண பேக்பேக் போதும். அடுத்தது ஷூ: ஒரு ஜோடி முக்கால் கிலோ. காலில் ஒன்று, பையில் ஒரு செருப்பு, அதற்கு மேல் வேண்டாம். கனமான ஜீன்ஸையும் ஜாக்கெட்டையும் உடம்பில் போட்டுக்கொண்டு ஏறிவிடலாம்; உடம்பில் இருப்பதைப் பொதுவாகத் தராசில் வைப்பதில்லை. கெந்திங் மலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஜாக்கெட் தேவைப்படும். கோலாலம்பூரின் புழுக்கத்தில் அதற்கு வேலையே இல்லை.

பிறகு லேப்டாப். சார்ஜரோடு 2 கிலோவை நெருங்கும். ‘ஒருவேளை ஆபீஸ்ல இருந்து கால் வந்தா?’ என்று தூக்கிப் போகிறார்கள். வந்தால் என்ன செய்வது என்பதை மேனேஜரிடம் கிளம்பும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. அதைப் பேசத் தயங்குவதற்கு 2 கிலோ வாடகை அதிகம்.

துண்டு விஷயத்தில் ஊர்ப் பழக்கமே கைகொடுக்கும். ஹோட்டல் என்றால் துண்டு தேவையே இல்லை. ஹாஸ்டல் என்றால் ஒரு ஈரிழைத் துண்டு. அரை கிலோ எடையுள்ள டர்க்கி டவல் காய்வதற்கு ஒரு நாள் ஆகும். ஈரிழை ஃபேன் காற்றில் ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும். இரவு உடைக்கு ஒரு கைலி. அது போர்வையாகவும் ஆகும்.

நான்கு நாள் பயணத்துக்குத் தோராயமாகக் கூட்டிப் பார்த்தால்: பேக்பேக் 900 கிராம், மூன்று டி-ஷர்ட் 600, மெல்லிய பேன்ட் ஒன்று 400, உள்ளாடையும் சாக்ஸும் 400, கைலி 300, துண்டு 200, சோப்பு பேஸ்ட் வகையறா 400, சார்ஜர், கேபிள், பவர் பேங்க் 500, செருப்பு 300, குடை 300. மொத்தம் 4.3 கிலோ. குடையை விட்டுவிடலாமே என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூரில் சாயங்கால மழைக்கு சீசன் பார்க்கும் பழக்கம் இல்லை. பத்துமலைக்குப் போகும் பெண்கள் முழங்காலை மறைக்கும் உடை ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. ஷார்ட்ஸில் போனால் 272 படிகளில் கால் வைக்கும் முன்பே நிறுத்தி, இடுப்பில் சுற்றிக்கொள்ளத் துணியை வாடகைக்குக் கொடுப்பார்கள்.

ஆக, 2.7 கிலோ மிச்சம். அது ஊர் திரும்பும் பயணத்துக்கானது. அதில்தான் நண்பனின் ஷூ வந்து உட்காருகிறது.

எதைப் பங்கு போடலாம், எதைக் கூடாது

இருவர் போவதன் லாபம், சில பொருட்கள் ஒன்றே போதும் என்பது. மலேசியாவில் பிளக் பாயின்ட் பிரிட்டிஷ் பாணி, சதுரக் கால் மூன்று. அதற்கு அடாப்டர் ஒன்று போதும். இரண்டு மூன்று யு.எஸ்.பி. வாய் உள்ள சார்ஜர் ஒன்று போதும். பேஸ்ட், ஷாம்பூ, சன்ஸ்கிரீன், தலைவலித் தைலம் எல்லாம் ஒரு செட். கையில் எடுத்துப் போகும் திரவங்களுக்கு ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விமானங்களில் பழகிப்போன விதி. 2006-ல் லண்டனில் திரவ வெடிபொருள் சதி பிடிபட்ட பிறகு வந்தது அது. 200 மில்லி பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்ற வாதம் எடுபடாது. பாட்டிலின் அளவைத்தான் பார்ப்பார்கள். ஊறுகாயும் நெய்யும் இதே கணக்கில்தான் வரும்.

துவைப்பதையும் பங்கு போடலாம். கோலாலம்பூரில் காசு போட்டுத் தானே துவைத்துக்கொள்ளும் கடைகள் நிறைய. போர்டிலேயே ‘டோபி’ என்றுதான் எழுதியிருக்கும். இரண்டு பேரின் துணியும் ஒரே மெஷினில் அடங்கும். மூன்று டி-ஷர்ட்டுடன் ஒரு வாரத்தையே ஓட்டலாம்.

பங்கு போடக் கூடாதவையும் உண்டு. பாஸ்போர்ட், தினமும் போடும் மாத்திரை, ஒரு நாள் செலவுக்கான பணம், ஒரு கேபிள் ஆகியவை அவரவர் கைப்பையில் இருக்க வேண்டும். பட்ஜெட் விமானத்தில் சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டாவிட்டால் ஒருவர் 4-வது வரிசையிலும் இன்னொருவர் 27-வது வரிசையிலும் உட்கார வேண்டி வரலாம். இமிக்ரேஷனில் ஒருவரை மட்டும் ஓரமாக நிற்கச் சொல்லலாம். அந்த நேரத்தில் "மாத்திரை அவன் பேக்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது.

பவர் பேங்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது செக்-இன் பையில் போகக் கூடாது. கையில்தான் இருக்க வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட்-அவர். 10,000 எம்.ஏ.எச். என்றால் சுமார் 37 வாட்-அவர், 20,000 என்றால் 74. ஆகவே கடையில் கிடைக்கும் பெரும்பாலானவை வரம்புக்குள்தான். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில் ஓர் ஏர் பூசான் விமானம் புறப்படும் முன்பே தீப்பிடித்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தெரியவந்தது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் கெடுபிடியைக் கூட்டின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்க்கில் சார்ஜ் போடுவதையே தடை செய்தன. கேட்டில் "இடம் இல்லை, கேபின் பையைக் கீழே போடுகிறோம்" என்று டேக் கட்டும்போது பலரும் மறப்பது இதைத்தான். பையைக் கொடுக்கும் முன் பவர் பேங்க்கை வெளியே எடுத்துவிட வேண்டும். அது நண்பனுடையது, தன் பையில் இருப்பதே தெரியாது என்றால்?

நண்பனின் பொருளை வாங்கிப் போட்டுக்கொள்வதில் எடையைவிடப் பெரிய சிக்கல் இதுதான். பைக்குள் இருப்பதற்குப் பையின் சொந்தக்காரரே பதில் சொல்ல வேண்டும். கஸ்டம்ஸில் "இது அவனோடது சார்" என்பது விளக்கமாகாது. நண்பனின் ஷூ சரி. நண்பனின் மாமா கொடுத்துவிட்ட, ஒட்டுப் போட்ட பார்சல்? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை சட்டத்தில் இடம் உண்டு. பிரித்துப் பார்க்க முடியாத எதையும் வாங்க மாட்டேன் என்று சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. "பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தாங்க, வெறும் முறுக்குதான்" என்றாலும் திறந்து பார்த்துவிட்டே வைக்க வேண்டும்.

எல்லோராலும் 7 கிலோவில் முடியாது

எல்லாவற்றையும் 7 கிலோவுக்குள் அடக்குவதை ஒரு தவம் போலப் பேசுவது இப்போது ஃபேஷன். இன்சுலினும் அதற்கான குளிர்ப்பையும் தூக்க வேண்டியவர், கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையோடு போகிறவர், கேமரா பிடிப்பவர் ஆகியோரை "உனக்கு பேக் பண்ணத் தெரியல" என்று கிண்டல் செய்வது அபத்தம். தேவை அதிகம் என்றால் முதலிலேயே சொல்லிவிடலாம். அதற்கும் வழி இருக்கிறது.

பெரும்பாலான பட்ஜெட் நிறுவனங்களில் போகும் பயணத்துக்குத் தனியாகவும் திரும்பும் பயணத்துக்குத் தனியாகவும் செக்-இன் பை வாங்கலாம். போகும்போது இருவரும் கேபின் பை மட்டும். திரும்பும்போது இருவருக்கும் சேர்த்து 20 கிலோவில் ஒரே ஒரு பை, புக்கிங்கின்போதே வாங்கியது. ஆளுக்கு ஒன்று வாங்குவதைவிட இது மலிவு. ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் போட்டிருந்தால் வேலை இன்னும் சுலபம். ஆளுக்கு ஒரு ஆஃபர் கோடு என்று தனித்தனியாகப் போட்டவர்களுக்கு, ஒருவரின் பையில் மிச்சம் இருக்கும் கிலோவை இன்னொருவருக்குச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்க வழியிருக்காது.

அந்தப் பையில் என்ன வரும் என்பது ஊருக்கே தெரிந்த பட்டியல். சாக்லேட், மைலோ, டைகர் பாம், கோடாலித் தைலம். தைலப் பாட்டில்கள் சின்னவை என்பதால் கையில் எடுத்து வந்தாலும் பிரச்சினை இல்லை; எடையைத் தின்பது மைலோதான்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? ஆளுக்குப் பாதி என்பதுதான் வழக்கம். அது சரியில்லை. 20 கிலோவில் ஒருவர் 14, ஒருவர் 6 என்றால் பணமும் அப்படியே பிரிய வேண்டும். கையில் தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இருவருக்கும் ஒன்று போதும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ஹோட்டல் ரூமில் ஒவ்வொருவர் பொருளையும் தனித்தனி கவரில் போட்டுத் தூக்கிப் பார்த்து, போனில் எழுதிக்கொண்டு, ஜிபேயில் கணக்கை முடித்துவிடலாம். பத்து நிமிஷ வேலை. "என்னடா, மைலோவுக்கெல்லாம் கணக்கு போடுற" என்று ஒருவர் சிரிப்பார். அநேகமாக அந்த 14 கிலோக்காரராக இருக்கும்.